கறுப்பு வெள்ளையில் முகங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கறுப்பு வெள்ளையில் முகப்படம் எடுக்க ஆசைப்படுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பெரும்பாலான பதில்கள் போனில் எடுப்பவருக்கும் பெரிய கேமராவில் எடுப்பவருக்கும் பொது. நம் ஊர் முகங்களையும் நம் ஊர் வெளிச்சத்தையும் மனதில் வைத்தே எழுதியிருக்கிறேன். இணையத்தில் கிடைக்கும் பாடங்களில் பெரும்பகுதி வெளிர் நிறத் தோலுக்காக எழுதப்பட்டவை. அதை அப்படியே இங்கே செய்து பார்த்தால் பாதி சரிவராது.

வண்ணத்தில் எடுத்துவிட்டு, அப்புறம் ஒரு ஃபில்டரைப் போட்டால் போதாதா?

வண்ணத்தில் எடுத்து மாற்றுவதில் தவறே இல்லை. இன்று பெரும்பாலானோர் அப்படித்தான் செய்கிறார்கள். ஆனால் ஒரே தட்டலில் மாற்றும்போது, எந்த நிறம் எந்தச் சாம்பலாக வேண்டும் என்பதை வேறு யாரோ முடிவு செய்துவிடுகிறார்கள். தொலைக்காட்சிக் காலத்திலிருந்து வரும் பொதுக் கணக்கு ஒன்று உண்டு: சிவப்பிலிருந்து சுமார் 30 சதவீதம், பச்சையிலிருந்து 59, நீலத்திலிருந்து 11. பல மென்பொருள்கள் இதையோ இதன் உறவுக்காரக் கணக்கையோதான் போடுகின்றன. இந்தக் கணக்கில் அரக்குச் சிவப்புப் பட்டுப் புடவையும் அதன் கரும்பச்சைக் கரையும் கிட்டத்தட்ட ஒரே சாம்பலாகிவிடலாம். நேரில் கண்ணைப் பறித்த புடவை படத்தில் கோணித் துணி மாதிரி கிடக்கும்.

இதைக் கண்ணால் பார்க்க எளிய வழி உண்டு. நெற்றியில் குங்குமம் வைத்த ஒருவரைச் சன்னலோரம் உட்காரவைத்து வண்ணத்தில் ஒரு படம் எடுங்கள். எடிட்டிங்கில் கறுப்பு வெள்ளையாக மாற்றி, சிவப்பு ஸ்லைடரை ஏற்றிக்கொண்டே போங்கள். பொட்டு வெளுத்து, நெற்றித் தோலோடு கலந்து, ஒரு கட்டத்தில் காணாமலே போய்விடும். இப்போது கீழே இறக்குங்கள். அதே பொட்டு கருத்து, விளிம்பு துல்லியமாகத் தெரிய நிற்கும். உதடுகளுக்கும் இதே கதைதான். பிலிம் காலத்தில் லென்ஸுக்கு முன்னால் சிவப்பு, மஞ்சள், பச்சைக் கண்ணாடிகளை மாட்டிச் செய்த வேலை இதுவே. அந்த முடிவை நீங்களே எடுப்பதாக இருந்தால், வண்ணத்தில் எடுத்து மாற்றுவது முழுக்க நேர்மையான வழி.

எல்லா முகமும் கறுப்பு வெள்ளைக்குப் பொருந்துமா?

எல்லா முகமும் பொருந்தும், எல்லாப் படமும் பொருந்தாது. மஞ்சள் நீராட்டு விழாவில் மஞ்சள்தான் விஷயம் என்றால் அதை வண்ணத்திலேயே விடுங்கள். ஃபோகஸ் தப்பிய படத்தையும் வெளிச்சம் சப்பையான படத்தையும் காப்பாற்றுவதற்காகக் கறுப்பு வெள்ளையாக மாற்றாதீர்கள். குறை இன்னும் அப்பட்டமாகத் தெரியும்.

கறுத்த முகங்கள் எப்போதும் இருட்டடித்து வருகின்றன. வெளிச்சத்தைக் கூட்டினால் வெளிறிவிடுகின்றன. என்னதான் செய்வது?

எல்லாவற்றையும் படிக்க நேரமில்லை என்றால் இந்தப் பதிலை மட்டுமாவது படியுங்கள்.

வெளிச்சத்தை அளக்கும் கேமராவின் மீட்டருக்கு முகம் எது, வேட்டி எது என்று தெரியாது. படச் சட்டத்துக்குள் இருப்பதையெல்லாம் சேர்த்து நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால், வெள்ளைச் சட்டையோடு, கறுத்த மனிதர் ஒருவர் நின்றால், அந்த வெள்ளையைப் பார்த்து அது வெளிச்சத்தைக் குறைத்துவிடும். முகம் சேறாகிவிடும். இருண்ட அறையில் நிறுத்தினால் இதற்கு நேர்மாறாகக் கூட்டிவிடும், முகம் வெளிறிவிடும். அதனால் ஸ்பாட் மீட்டரை (ஒரு சிறு புள்ளியை மட்டும் அளக்கும் முறை) வெளிச்சம் படும் கன்னத்தில் வைத்து அளந்துகொண்டு, நல்ல கறுப்பு நிறம் என்றால் அங்கிருந்து ஒரு ஸ்டாப், அதாவது வெளிச்சத்தில் பாதி, குறையுங்கள். மாநிறம் என்றால் அரை ஸ்டாப் குறைத்தாலே போதும், சில முகங்களுக்கு அதுவும் வேண்டாம். அமெரிக்கப் புகைப்படக்காரர்கள் ஆன்சல் ஆடம்ஸும் பிரெட் ஆர்ச்சரும் 1940 வாக்கில் வகுத்த, சாம்பல்களைப் படிகளாக எண்ணும் ஜோன் முறையில் முழுக் கறுப்பு 0, நடுச் சாம்பல் 5, முழு வெள்ளை 10. வெள்ளைக்காரத் தோலை 6இல் வைப்பது அவர்கள் வழக்கம். நம் முகங்களுக்கு 4, 5 என்பதே இயல்பான இடம். 6க்கு இழுத்தால் அது வேறு யாரோ ஒருவருடைய முகமாகிவிடும். போனில் எடுக்கிறவர்கள் முகத்தைத் தொட்டுவிட்டு, பக்கத்தில் வரும் சூரியக் குறியைச் சற்றே கீழே இழுத்தால் போதும்.

இதுவரை சொன்னது பாதிதான். மீதிப் பாதி, வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்பது. வெளிர் நிறத் தோலில் முகத்தின் வடிவத்தை நிழல் காட்டும். கறுத்த தோலில் அதைக் காட்டுவது மினுமினுப்பு. கன்ன எலும்பு, மூக்குத் தண்டு, புருவத்துக்கு மேல் உள்ள மேடு ஆகிய இடங்களில் படியும் மெல்லிய பளபளப்புதான் முகத்தைச் செதுக்கிக் காட்டும். அந்தப் பளபளப்பு, பக்கத்தில் இருக்கும் வெளிச்சமான பெரிய பரப்பு தோலில் பிரதிபலிப்பதால் வருவது. ஆகவே வெளிச்சத்தைக் கூட்டுவதைவிட, அந்தப் பரப்பைப் பெரிதாக்கிப் பக்கவாட்டில் கொண்டுவருவது முக்கியம். அகலமான சன்னல் நல்லது. சன்னலுக்கு எதிர்ப்பக்கம் ஒரு முழு தெர்மோகோல் அட்டையை முகத்துக்கு இரண்டடி தூரத்தில் நிறுத்தி, மெதுவாகத் திருப்பிக்கொண்டே கன்னத்தைப் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட கோணம் வந்ததும் காதுக்கு முன்னால் கன்னத்தின் விளிம்பில் ஒரு வெள்ளிக் கோடு ஓடும். அட்டையை அங்கே நிறுத்திவிடுங்கள்.

பவுடர் பூசச் சொல்லாதீர்கள். அது முதலில் கொல்வது இந்த மினுமினுப்பைத்தான். நெற்றியில் எண்ணெய் வழிந்தால் கைக்குட்டையால் ஒற்றி எடுத்தால் போதும், அழுத்தித் துடைக்க வேண்டாம். கறுத்த முடியும் கறுத்த பின்னணியும் ஒன்றாகக் கலந்துவிடாதபடி, நிழல் பக்கத்துப் பின்னணி மட்டும் கொஞ்சம் வெளிச்சமாக இருக்கட்டும். பளீர் வெள்ளைச் சட்டையைவிடச் சாயம் போன பருத்திச் சட்டை, வெளிர் காவி, சாம்பல் எல்லாம் முகத்தோடு சண்டை போடாதவை.

கடைசியாக ஒன்று. முகத்தை வெளுப்பாக்கித் தரச் சொல்லிக் கேட்பவர்கள் உண்டு. கறுப்பு வெள்ளையில் அது மிகச் சுலபம், ஆரஞ்சு ஸ்லைடரை ஏற்றினால் முடிந்தது. நான் செய்வதில்லை. உங்களையும் செய்ய வேண்டாம் என்றே கேட்டுக்கொள்வேன். கறுத்த தோலுக்குள் அடர்த்தியான கருமை, வெதுவெதுப்பான நடுச்சாம்பல், வெள்ளிப் பளபளப்பு என்று அத்தனை படிகள் இருக்கின்றன. வெளுத்த மறுகணம் அவையெல்லாம் ஒரே தட்டையான பரப்பாகிவிடும். கண்ணின் வெள்ளையும் பல்லின் வெள்ளையும் பளிச்சென்று நிற்பது சுற்றியுள்ள கருமையால்தான், அதுவும் போய்விடும். இந்த முகங்களுக்கென்றே அமைந்தது போன்ற கலையை வைத்துக்கொண்டு அந்த முகங்களையே அழிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதை நன்றாகச் செய்தவர்கள் யார்? யாருடைய படங்களைப் பார்த்துக் கற்கலாம்?

முதலில், செய்து கெய்த்தா (Seydou Keïta) என்ற புகைப்படக்காரர். மாலி நாட்டின் பமாகோ நகரத்தில் 1948இலிருந்து 1962 வரை ஸ்டூடியோ நடத்தியவர். பெரும்பாலும் வெளிமுற்றத்துச் சூரிய வெளிச்சத்தில்தான் எடுத்தார். ஆரம்பத்தில் அவர் பின்னணியாகத் தொங்கவிட்டது தன்னுடைய படுக்கை விரிப்பை. பிலிம் விலையைக் கருதி, பெரும்பாலும் ஆளுக்கு ஒரே ஒரு படம். பூப்போட்ட பின்னணி, பூப்போட்ட உடை, நடுவே கறுத்த முகம் அமைதியாக, மினுங்கிக்கொண்டு இருக்கும். நம் ஊர் ஸ்டூடியோ படங்களோடு இவற்றுக்கு இருக்கும் ஒற்றுமை ஆச்சரியமானது. அதே நகரத்தின் மாலிக் சிடிபே சற்றுப் பிந்தியவர், ஆடும் பாடும் இளைஞர்களை எடுத்தவர். 2007இல் வெனிஸ் பியன்னாலே என்ற கலைக் கண்காட்சியின் வாழ்நாள் தங்கச் சிங்க விருது பெற்றார்.

இரண்டாவது, நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியைப் படமெடுத்த ராய் டிகரவா (1919–2009). இவருடைய பிரின்ட்களில் பெரும்பகுதி கருஞ்சாம்பல்தான். முதலில் ஒன்றுமே தெரியாததுபோல் இருக்கும். கண் பழகப் பழக முகம், கை, சட்டை மடிப்பு என்று ஒவ்வொன்றாக எழுந்துவரும். போன் திரையின் வெளிச்சத்தை முழுக்கக் கூட்டிக்கொண்டு பார்த்தால் இந்த அனுபவம் கிடைக்காது.

நமக்கு மிகவும் பக்கத்தில், கொழும்பைச் சேர்ந்த லயனல் வென்ட் (1900–1944). சட்டம் படித்தவர், பியானோக் கலைஞர். இலங்கை உழைப்பாளிகளின் உடலில் வெயில் படுவதை அவர் அளவுக்கு நேசித்துப் பதிவு செய்தவர்கள் குறைவு. சோலரைசேஷன் (படத்தின் சில இடங்களில் கறுப்பையும் வெள்ளையையும் தலைகீழாக்குவது) என்ற இருட்டறை உத்தியையும் நிறையப் பயன்படுத்தினார். அவர் இறந்த பிறகு நெகட்டிவ்கள் அழிந்துவிட்டன. இன்று நமக்கு மிஞ்சியிருப்பவை அவருடைய பிரின்ட்கள்.

இந்தியாவில் ஹோமாய் வியாரவாலா, மைசூரின் டி. எஸ். சத்யன் இருவரையும் தேடிப் பாருங்கள். சத்யன் எடுத்த குழந்தைகளின் படங்களில் கேமரா குழந்தையின் கண் உயரத்தில் இருப்பதைக் கவனியுங்கள்.

பழைய ஸ்டூடியோ படத்தில் என் கொள்ளுத்தாத்தா நிஜத்தைவிட வெளுப்பாக இருக்கிறார். இன்னொரு படத்தில் கன்னங்கரேலென்று இருக்கிறார். எது உண்மை?

இரண்டையும் நம்ப வேண்டாம். ஆரம்பகாலக் கண்ணாடித் தட்டுகள் நீல ஒளிக்கு மட்டுமே மசியும். 1873இல் ஹெர்மன் ஃபோகல் என்ற ஜெர்மானியர் சாயம் சேர்த்துப் பச்சைக்கும் மசியவைக்கும் வழி கண்டார். சிவப்புக்கும் மசியும் பான்குரோமாட்டிக் தட்டுகள் கடைக்கு வந்தது 20ஆம் நூற்றாண்டில்தான். அதன் பிறகும் சிவப்பு தெரியாத வகையைப் பல ஸ்டூடியோக்கள் விடவில்லை, இருட்டறையில் சிவப்பு விளக்கின் கீழ் பார்த்துக்கொண்டே கழுவலாம் என்ற வசதிதான் காரணம். நம் தோலில் இருப்பதோ சிவப்பும் பழுப்பும். அவை தட்டுக்கு எட்டவில்லை என்றால் முகம் இன்னும் கருத்துத்தான் விழும். உதடு கறுப்பாகிவிடும், வெற்றிலைச் சிவப்பு கரி பூசியதுபோல் இருக்கும்.

அதைச் சரிக்கட்டத்தான் பவுடரும் டச்சிங்கும் வந்தன. நெகட்டிவை ஒரு சாய்வு மேசையில் வைத்து, ஊசிபோல் சீவிய பென்சிலால் முகப் பகுதியில் புள்ளி புள்ளியாக வைப்பார்கள். நெகட்டிவில் பென்சில் பட்ட இடம் பிரின்ட்டில் வெளுக்கும். அம்மைத் தழும்பும் சுருக்கமும் மறையும், நிறமும் ஒரு படி ஏறும். நெகட்டிவைச் சாய்த்து அதன் பரப்பைப் பார்த்தால் அந்தப் பென்சில் கோடுகள் இன்றும் மினுங்கும். அசாத்தியமான கைத்திறன். அதே திறன்தான் வெளுப்பே அழகு என்ற எண்ணத்துக்கும் உழைத்தது.

தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைச் சேகரித்து, பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் நிலை ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் மின்னுருவாக்கியிருக்கிறது. உங்கள் கொள்ளுத்தாத்தாவின் படத்தில் இருக்கும் அதே தூண், அதே வளைந்த கால் மேசை, அதே வரைந்த திரைச்சீலை அங்கே நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்கலாம்.

ஸ்டூடியோ விளக்கு இல்லை. வீட்டில் எங்கே எடுப்பது?

திண்ணை இருந்தால் திண்ணை. மேலே கூரை, எதிரே திறந்த தெரு. தலைக்கு மேலிருந்து வெளிச்சம் விழாமல் முன்னாலிருந்து வரும் இடம் அது. செட்டிநாட்டு வீடுகளைப் போல முற்றம் இருந்தால், முற்றத்தைச் சுற்றிய தாழ்வாரத்தில், தூணுக்குப் பக்கத்தில் உட்காரவையுங்கள். அடுக்குமாடி வீட்டில் வெயில் நேரடியாக விழாத சன்னல், இல்லாவிட்டால் திறந்த வாசற்கதவு. நேர் வெயில் விழும் சன்னலில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்தது.

சன்னலுக்கு எவ்வளவு பக்கத்தில் உட்காரவைக்கிறோம் என்பதும் படத்தை மாற்றும். இரண்டடியில் உட்கார்ந்தால் முகத்தின் ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் கடகடவென்று இருட்டு. எட்டடிக்குத் தள்ளினால் வெளிச்சம் முகம் முழுக்கச் சீராகப் பரவும். ஆனால் அளவு குறைந்துவிடும், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணரும் திறனை) கூட்ட வேண்டியிருக்கும். வயதானவர்களின் முகத்துக்கு முதல் வகையைப் பலர் விரும்புகிறார்கள். எனக்கு இரண்டுக்கும் நடுவே, நாலடி. அறையின் டியூப் லைட்டை மறக்காமல் அணையுங்கள்.

நடு மதியம் மட்டும்தான் நேரம் கிடைக்கிறது.

மரத்தடிக்குப் போங்கள். இலைகளுக்கிடையே வெயில் புள்ளி விழாத இடமாகப் பாருங்கள். மரம் இல்லாவிட்டால் கட்டட நிழலின் விளிம்பு, முகம் வெளிச்சத்தைப் பார்த்தபடி. நேர் வெயிலில் கண்குழி இரண்டும் கறுப்பு ஓட்டையாகிவிடும்.

எந்த லென்ஸ்? போனில் எடுத்தால் மூக்கு பெரிதாகத் தெரிகிறதே?

மூக்கு பெரிதாவது லென்ஸால் அல்ல, நீங்கள் பக்கத்தில் போவதால். போனின் முதன்மை லென்ஸ் ஏறக்குறைய 24–26 மிமீ அகலக் கோணம். முகம் சட்டத்தை நிரப்ப வேண்டுமென்று ஒரு முழத்துக்குப் போய்விடுகிறோம். அங்கிருந்து பார்த்தால் மூக்கு கண்ணைவிடக் கேமராவுக்கு மிக அருகில் இருக்கிறது. ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று 2 மடங்கு ஜூமில் எடுங்கள். போர்ட்ரெய்ட் மோடின் செயற்கை மங்கலைக் குறைத்தே வையுங்கள், மல்லிகைச் சரத்தின் ஓரங்களையும் கலைந்த முடியையும் தின்றுவிடும்.

பெரிய கேமராவில் 50 மிமீ, 85 மிமீ லென்ஸ் இரண்டில் எது இருந்தாலும் போதும். லென்ஸ் துளையை எஃப் 4இல் வையுங்கள். எஃப் 1.4 வரை அகலமாகத் திறந்து ஒரு கண்ணிமை மட்டும் தெளிவாக, காது காணாமல்போன படங்கள் நிறையப் பார்த்தாயிற்று.

கேமராவை மோனோகுரோமில் வைத்து எடுக்கலாமா?

திரையில் கறுப்பு வெள்ளை, சேமிப்பது ரா கோப்பு (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு): இதுதான் சிறந்த கூட்டு. எடுக்கும்போதே சாம்பலாகப் பார்க்கப் பழகுவீர்கள், நிறத் தகவல் முழுவதும் பத்திரமாகவும் இருக்கும். ஜேபெக் மட்டும் எடுத்தால் மேலே சொன்ன குங்குமப் பொட்டு விவகாரத்தில் அப்புறம் கை வைக்கவே முடியாது.

நிறமே பதியாத சென்சார் கொண்ட கேமராக்களும் உண்டு. 2012இல் லைக்கா எம் மோனோகுரோம், 2023இல் பென்டாக்ஸ் கே-3 மார்க் 3 மோனோகுரோம். நிற வடிகட்டி இல்லாததால் துல்லியமும் குறைந்த வெளிச்சத்தில் தரமும் கூடும். பதிலுக்கு, லென்ஸ் முன்னால் கண்ணாடி மாட்டும் பழைய வழிக்குத் திரும்ப வேண்டும். ஆரம்பிப்பவர்களுக்குத் தேவையில்லை.

எடிட்டிங்கில் எவ்வளவு தூரம் போகலாம்?

முதலில் நிற ஸ்லைடர்களால் தோல், உதடு, உடை மூன்றையும் பிரியுங்கள். அப்புறம்தான் கான்ட்ராஸ்ட். முதலிலேயே கான்ட்ராஸ்டை ஏற்றினால் கண்குழியும் முடியும் ஒரே கறுப்புக் கட்டியாகிவிடும். அடுத்தது டாட்ஜ், பர்ன். இருட்டறையில் கையையும் அட்டையையும் ஆட்டி, சில இடங்களை வெளுத்து, சில இடங்களைக் கருக்கிய அதே வேலை. சட்டத்தின் மூலைகளைக் கால் ஸ்டாப் கருக்குங்கள், காதையும் தோளையும் அடக்குங்கள், கருவிழியில் விழும் சன்னல் பிரதிபலிப்பை ஒரு துளி தூக்குங்கள். இதற்கு மேல் முகத்தில் கை வைக்க வேண்டியிருந்தால் எடுத்த வெளிச்சமே சரியில்லை என்று அர்த்தம்.

நுண் விவரங்களைத் தூக்கிக் காட்டும் கிளாரிட்டி ஸ்லைடரைத் தயவுசெய்து முகத்தில் போடாதீர்கள். தோல் காய்ந்த களிமண் மாதிரி ஆகிவிடும்.

கேமராவைப் பார்த்ததும் ஆட்கள் விறைத்துப்போகிறார்கள். சிரிக்கச் சொல்லலாமா?

சிரிக்கச் சொன்னால் பல் தெரியும், சிரிப்பு வராது. புகைப்படக்காரர் யூசுப் கார்ஷ் 1941 டிசம்பர் 30 அன்று கனடாவின் ஒட்டாவாவில் பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சிலை எடுத்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். நாடாளுமன்றத்தில் பேசி முடித்து வந்தவரின் வாயிலிருந்த சுருட்டை கார்ஷ் மரியாதையாக மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பிடுங்கிவிட்டார். அந்தக் கடுப்பான முறைப்புதான் இன்று பிரிட்டனின் ஐந்து பவுண்டு நோட்டில் இருக்கிறது. பிரமாதமான கதைதான். ஆனால் பெரியவர் ஒருவர் நம்மை நம்பி வந்து உட்காரும்போது செய்யத் தக்கதில்லை.

அமெரிக்கப் புகைப்படக்காரர் ரிச்சர்ட் அவெடனின் வழி எனக்குப் பிடித்தது. 1979–84இல் அமெரிக்க மேற்குப் பகுதியின் தொழிலாளர்களை எடுத்தபோது, நிழலான இடத்தில் வெள்ளைக் காகிதத்தைத் தொங்கவிட்டு, பெரிய கேமராவைப் பொருத்திவிட்டு, அதன் பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். எதிரே நிற்பவர் லென்ஸைப் பார்க்காமல் மனிதரைப் பார்த்தார். முக்காலியும் ஒரு ரிமோட்டும் இருந்தால் நாமும் செய்யலாம். ஃபோகஸ் வைத்துவிட்டு எழுந்து வாருங்கள். பேச்சுக் கொடுங்கள். “உங்க கல்யாணத்துக்கு எந்த ஊரிலிருந்து நாதஸ்வரம் வந்தது தாத்தா?” என்று கேட்டுப் பாருங்கள், முகத்தில் என்னென்னவோ ஓடும். பேசும்போது அழுத்தாதீர்கள். சொல்லி முடித்து, வாய் மூடி, அடுத்ததை யோசிக்கும் நொடியில் அழுத்துங்கள்.

இன்னொன்று: விறைப்பு எப்போதும் குறையல்ல. பெரியவர்கள் பலர் முதுகை நிமிர்த்தி, இரண்டு கையையும் தொடைமேல் வைத்து, நேரே பார்த்துத்தான் உட்காருவார்கள். தங்கள் காலத்து ஸ்டூடியோவில் கற்ற மரியாதை அது. “இயல்பா இருங்க பாட்டி” என்று அதைக் கலைப்பதற்கு முன், அவர் விரும்பிய மாதிரியே ஒரு படம் எடுத்துக்கொடுங்கள்.

தெருவில், சந்தையில் முதியவர்களின் சுருக்கம் விழுந்த முகங்களை எடுப்பது சரியா?

கேட்டுவிட்டு எடுங்கள், படத்தைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அத்தோடு ஒரு கேள்வியையும் உங்களிடமே கேட்டுக்கொள்ளுங்கள்: இவருடைய பெயர் எனக்குத் தெரியுமா?

புகைப்பட வரலாற்றில் இது பழைய பிரச்சினை. டோரத்தியா லாங்கே 1936இல் கலிபோர்னியாவின் நிப்போமோவில், பட்டாணி பறிக்க வந்த கூலித் தொழிலாளர் முகாமில், குழந்தைகளோடு கவலையாக உட்கார்ந்திருந்த தாயை எடுத்த படம் உலகம் முழுக்கப் போனது. அவர் பெயர் ஃபுளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் வெளியே தெரிந்தது. அந்தப் படத்தால் தனக்கு ஒரு காசும் வரவில்லை என்ற வருத்தம் அவருக்கு இருந்தது.

இதைவிட நமக்கு நெருக்கமானது ஜூலியா மார்கரெட் கேமரன். கல்கத்தாவில் 1815இல் பிறந்தவர், 48 வயதில் மகள் பரிசளித்த கேமராவோடு இங்கிலாந்தில் படமெடுக்கத் தொடங்கியவர். வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷலை 1867இல் அவர் எடுத்த படத்தில், இருட்டிலிருந்து வெள்ளை முடியும் கண்களும் மட்டும் கிளம்பிவரும். மென்மையான ஃபோகஸ், பக்கவாட்டு வெளிச்சம், சட்டம் நிறைந்த முகம் என்று நாம் இன்று செய்யும் பலவற்றுக்கு அவர்தான் முன்னோடி. 1875இல் குடும்பத்தோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879இல் அங்கேயே இறந்தார். அங்கே அவர் எடுத்த சொற்பப் படங்களில் தோட்டத் தொழிலாளர்களும் களுத்துறைக் கிராமத்தினரும் இருக்கிறார்கள். ஹெர்ஷலின் பெயர் எல்லோருக்கும் தெரியும். இவர்கள் பெரும்பாலும் குடியானவர்கள், பெண் என்ற பொதுத் தலைப்புகளோடு நின்றுவிட்டார்கள். அந்த முகங்களைப் பார்க்கும்போதெல்லாம் பெயர் தெரியாத குறை எனக்கு உறுத்துகிறது. அழகான படங்கள் என்பதால் உறுத்தல் இன்னும் அதிகம்.

ஒரு படத்தை எப்படிப் பார்ப்பது? எனக்கு எல்லாமே நன்றாக இருப்பதுபோல்தான் தெரிகிறது.

தெரிந்த படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1946இல் மார்கரெட் போர்க்-ஒயிட் எடுத்த காந்தியும் ராட்டையும். நினைவிலிருந்து கேட்டால் காந்தி நூற்றுக்கொண்டிருக்கிறார் என்றே பலரும் சொல்வார்கள். படத்தை மறுபடி பாருங்கள். அவர் நூற்கவில்லை, தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறார். ராட்டைதான் முன்னால் பெரிதாக, கருமையாக, கிட்டத்தட்டச் சட்டத்தின் நாயகன்போல் நிற்கிறது. மனிதர் அதற்குப் பின்னால், சன்னல் வெளிச்சத்தில். ஒரு ஆளைப் பற்றிய படத்தில் ஆளைவிட அவருடைய கருவியை முன்னால் நிறுத்தும் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்று யோசித்தாலே படம் திறந்துகொள்ளும்.

பொதுவாக, மிக வெளுத்த இடம் எது, மிகக் கருத்த இடம் எது என்று முதலில் தேடுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்துக்குத்தான் கண் போகும். அங்கே முகம் இருக்கிறதா, சட்டைக் காலர் இருக்கிறதா? பிறகு கருவிழியில் வெளிச்சத்தின் வடிவத்தைப் பாருங்கள், சன்னலா, ஸ்டூடியோக் குடை விளக்கா என்று தெரிந்துவிடும். அப்புறம் கைகள். முகம் மறைத்ததைக் கை சொல்லும்.

பிலிமில் எடுத்தால்தான் உண்மையான கறுப்பு வெள்ளையா?

இல்லை. ஆனால் ஒரு சுருளுக்கு 36 படம்தான் என்ற கட்டுப்பாடு நல்ல ஆசிரியர். ஒரு காலத்தில் ஊட்டியிலேயே பிலிம் செய்தார்கள். பொதுத்துறையின் ஹிந்துஸ்தான் போட்டோ ஃபிலிம்ஸ் 1960இல் நிறுவப்பட்டது, ‘இந்து’ என்ற பெயரில் கறுப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் வந்தன. குளிர்ச்சியும் தூசில்லாத காற்றும்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுக்கக் காரணம். இப்போது அது இல்லை. இல்ஃபோர்ட் எச்பி5, கோடாக் ட்ரை-எக்ஸ் போன்றவை இறக்குமதியாகி வருகின்றன.

வீட்டில் டெவலப் செய்பவர்களுக்கு நம் ஊர்ச் சிக்கல் வெப்பம்தான். எச்பி5 பிலிமை ஐடி-11 டெவலப்பரில் 20 டிகிரியில் ஏழரை நிமிடம் என்று அட்டவணை சொல்லும். மே மாதம் குழாய்த் தண்ணீர் 30 டிகிரிக்கு மேல் கொதிக்கும். நேரத்தைக் குறைத்துச் சரிக்கட்டலாம், ஆனால் ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் டெவலப் திட்டுத்திட்டாக விழும். ஒரு பெரிய பேசினில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் கட்டிகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மிதக்கவிட்டு, டெவலப்பர், ஃபிக்சர், கழுவும் தண்ணீர் மூன்று பாட்டிலையும் அதிலேயே வையுங்கள். டெவலப்பரை மட்டும் குளிர்வித்துவிட்டுச் சூடான தண்ணீரில் கழுவாதீர்கள்.

பிரின்ட் போட வேண்டுமா? போனில் பார்த்தால் போதாதா?

போடுங்கள். மேட் காகிதத்தில், 8க்கு 10 அங்குலம். திரையைவிட ஒரு படி கருமையாக வரும் என்பதால் முதலில் சிறிய துண்டு ஒன்றை அச்சிட்டுப் பாருங்கள். வண்ண மை கொண்டு அச்சிடும் கடைகளில் சாம்பல் லேசாகப் பச்சையாகவோ ஊதாவாகவோ சாயும், அதைச் சரிசெய்யத் தெரிந்த கடை கிடைத்தால் கைவிட்டுவிடாதீர்கள்.

வீட்டிலுள்ள பழைய படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. எப்படி எடுப்பது?

இழுக்காதீர்கள். சந்தனமும் குங்குமமும் வைத்து, மாலை போட்டு, ஈரச் சுவரில் பல வருடம் தொங்கிய படங்களுக்கு இது நடக்கும். ஈரத்தில் ஜெலட்டின் இளகிக் கண்ணாடியில் பிடித்துக்கொள்கிறது. உரித்தால் முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியின் வெளிப்பக்கத்தை மட்டும், தண்ணீரைத் தெளிக்காமல், லேசாக நனைத்த துணியால் துடைத்துவிட்டு, கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யுங்கள். 600 டிபிஐ (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி), தரம் குறையாத டிஃப் கோப்பு, கறுப்பு வெள்ளைப் படமானாலும் வண்ண ஸ்கேன். மஞ்சள் கறையைப் பின்னால் பிரித்து எடுக்க அந்த நிறத் தகவல் உதவும். ஸ்கேனர் இல்லையென்றால் சன்னலோரம் வைத்து, பிரதிபலிப்பு விழாத கோணத்தில் கேமராவில் எடுக்கலாம்.

இப்போது எடுக்கும் படங்களுக்குச் சட்டம் போடுவதாக இருந்தால், படத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவே ஒரு அட்டை விளிம்பு கொடுக்கச் சொல்லுங்கள். பின்பக்கம் பெயர், ஊர், ஆண்டு மூன்றையும் எழுதுங்கள், மென்மையான பென்சிலால். பால்பாயின்ட்டில் அழுத்தி எழுதினால் முன்பக்கம் தடம் விழும். பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதத்தில் பென்சில் பிடிக்காது, அதற்கு ஒரு தனிச் சீட்டில் எழுதிச் சட்டத்தின் பின்புறம் ஒட்டிவிடுங்கள்.